பட்டியலில் இல்லாதவை

ஃப்ரிட்ஜ் எனக்கு. வாஷிங் மெஷின் அவனுக்கு.
ஸ்கூட்டர், பேங்க் லாக்கர்,
பால்கனியில் நின்ற கறிவேப்பிலைத் தொட்டி வரை
சித்தையா ரோட்டில் வக்கீலின் உதவியாளர்
கன்னட உச்சரிப்போடு வாசித்துக் காட்டினார்.
ஒரே பேனாவை மாற்றிக்கொண்டு கையெழுத்துப் போட்டோம்.

ஈரோட்டுக்காரி நான். தாணு நாகர்கோவில்.
கம்மனஹள்ளி மூன்றாம் மாடியில் ஒன்பது வருஷம்
ஒரு துடைப்பத்தை
நான் சீமாறு என்றேன், அவன் வாரியல் என்றான்,
வேலைக்கு வரும் மஞ்சுளம்மா பொரக்கெ என்றார்.
வீடு என்னவோ சுத்தமாகத்தான் இருந்தது.

அவன் போன பிறகு
அவன் சட்டை தொங்கிய ஹேங்கர்களைக் கட்டி
லிஃப்ட் பக்கத்தில் வைத்தேன்.
சவத்த விடு, என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.
சொன்ன பிறகுதான் உறைத்தது
அதுவும் அவனுடையது.

கோபியிலிருந்து அக்கா போனில் கேட்டாள்:
'தாலியவே கழட்டிட்ட,
அவன் ஊர்ப் பேச்சு மட்டும் எதுக்குங்கறேன்?'
நியாயம்தான்.
அவள் வாக்கப்பட்டது பக்கத்து ஊர்.
இருபது வருஷமாக ரெண்டு பேரும்
ஒரே சொல்லால்தான் சண்டை போடுகிறார்கள்.

ஒரு வாரம் நாக்கைக் காவல் காத்தேன்.
கோட்டி வரும் இடத்தில் பைத்தியம்.
நொம்பலம் வரும் இடத்தில் வலி.
(வலி என்றால் மாத்திரை போதும்.
நொம்பலத்துக்கு யாராவது பக்கத்தில் உட்கார வேண்டும்.)
நின்றுபோன மிக்ஸியை
ஆக்கங்கெட்ட கூவை என்று திட்ட வந்ததை
விழுங்கிப் புரையேறினேன்.
பால் பொங்கி வழிந்தபோதும்
தேய்த்து மடித்த தமிழில் கத்தினேன்.

எட்டாம் நாள், நேரு ரோட்டில்,
பானிபூரி வண்டியைத் தாண்டி
நிறைமதி சைக்கிளில் இறக்கத்தில் போக
எதிரே தண்ணீர் லாரி.
'பைய! மக்கா, பைய!'
அடிவயிற்றிலிருந்து வந்தது.
மெதுவாக, நிதானமாக, பார்த்து
என்பதெல்லாம் லாரி போன பிறகு வந்து சேர்ந்தன.
அவள் காலை ஊன்றி நின்றாள்.
சுற்றுமுற்றும் பார்த்தாள்,
அப்பா வந்துவிட்டாரோ என்று.

இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை சாயங்காலம்
அவளை ஹூடியில் விட்டுவிட்டு வருகிறேன்.
வாசலோடு.
இருமல் மருந்து பக்கவாட்டு ஜிப்பில்,
திங்கட்கிழமை கணக்குப் பரீட்சை,
அவ்வளவுதான் தாணுவும் நானும்.
ஞாயிறு ராத்திரி அவள் பையில்
நான் மடித்து வைக்காத ஏதோ ஒன்றும் வரும்.

போன வாரம் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்:
'அப்பா வீட்டு அட்டாலியில புறா முட்டை வெச்சிருக்கு.'
அட்டாலியா?
'அப்பா அப்டித்தான் சொல்றாரு.
ஓனர்கிட்டயும் சொன்னாரு, அவருக்குப் புரியல.'
இட்லி மாவைக் கரைத்துக்கொண்டிருந்தேன்.
உப்புப் போட்டேனா என்று மறந்துபோய்
இன்னொரு தரம் போட்டேன்.

எங்கள் ஊர்ச் சொல் ஒன்றை அவன் தப்பாகவே சொல்வான்.
ஒட்டுக்கா.
எங்கள் பக்கம் அதற்கு
எல்லாரும் சேர்ந்து என்று அர்த்தம்.
அவன் திடீரென்று என்பதாக நினைத்துக்கொண்டான்.
'கரண்ட் ஒட்டுக்கா போயிட்டு' என்பான்.
ஒன்பது வருஷம் திருத்தினேன்.
கடைசிச் சண்டைக்கு நடுவிலும் ஒரு தரம் திருத்தினேன்.
அப்போது அவன் சிரித்திருக்கலாம்.
சிரிக்கவில்லை.

நேற்று பள்ளிக்கூட வேனிலிருந்து
நனைந்து இறங்கினாள் நிறைமதி.
'ஒட்டுக்கா வந்திருச்சும்மா மழை.'
திருத்தத்தான் வாயைத் திறந்தேன்.
துண்டெடுத்துத் தலையைத் துவட்டினேன்.
எதிர்வீட்டு ஒடியாக்காரப் பிள்ளை லிப்சா
கூடவே உள்ளே வந்து
ஒட்டுக்கா ஒட்டுக்கா என்று
சோபாவில் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தது.
கூடமெல்லாம் சேறு, காய்ந்தபிறகு மண்.
'அந்த வாரியலை எடு' என்றேன்.
'சீமாறு எங்கம்மா இருக்கு?' என்றாள்.